பதினேழாம் பக்கம்

அத்தியாயம் 9

அம்மா எதையோ மறைக்கிறாள் என்று சயோரிக்குத் தெரிந்து அன்றோடு நாலு நாள் ஆகியிருந்தது. எதை மறைக்கிறாள் என்பதுதான் பிடிபடவில்லை.

புதன்கிழமை கைக்குட்டை தேடப் போன இடத்தில், அம்மாவின் தொழிற்சாலை ஏப்ரன் பைக்குள் அந்த உறை அகப்பட்டது. நர்ஸிங் பள்ளி நுழைவுத் தேர்வின் அனுமதிச் சீட்டு. உறையின் மேல் சனிக்கிழமை தபால் முத்திரை குத்தியிருந்தது; திங்கட்கிழமையே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். சீட்டு வரவில்லையே, வரவில்லையே என்று மகள் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடியதை, அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

கேட்டதற்கு, "மறந்துட்டேன்" என்றாள் அம்மா தொகிகோ.

மறக்கிற ஆளா அவள்! மீன் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக ஒரு நாள் ஐந்து நிமிடம் பிந்திப் போனதில்லை. பக்கத்து வீட்டு நாயின் பிறந்த நாள்கூட அவளுக்குத் தெரியும்.

சயோரி பக்கமும் தப்பு இல்லாமல் இல்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெற்றோர் தங்கள் பெயர் முத்திரை குத்த வேண்டிய இடத்தில், மேஜை டிராயரிலிருந்து அம்மாவின் முத்திரையை எடுத்துத் தானே குத்தித்தான் அனுப்பினாள். வேறு வழி இருக்கவில்லை. இலையுதிர் காலம்வரை, "என் பொண்ணு நர்ஸ் ஆகப்போறா" என்று மீன் கடைக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, நவம்பரில் ஒரு நாள் நர்ஸிங் பள்ளியின் விளக்கப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு புரட்டினாள். மூடி வைத்தாள். அரிசி களையப் போனாள். மறுநாள் காலையிலேயே பேச்சு மாறிவிட்டது. "ஹிரோஷிமாவுக்குப் போய்ப் படியேன். அங்க பனி குறைச்சல்."

பனி குறைச்சலாம்! ஹமதாவில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பனியா பயம்?

ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை தேர்வு. இன்னும் ஆறே நாள்.

சயோரி போர்வை மூடிய கணப்பு மேஜைக்குள் காலை நீட்டிக்கொண்டு உப்புக் கரைசல் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எட்டு சதவீதக் கரைசல் முந்நூறு கிராம். எவ்வளவு தண்ணீர் சேர்த்தால் ஐந்து சதவீதம் ஆகும்? மூன்று தடவை போட்டாள். மூன்று விடை வந்தது.

தொகிகோ மிசோ சூப்பை மகள் பக்கம் நகர்த்தினாள். அவளுக்கு அன்று தொழிற்சாலையில் ஒன்பதிலிருந்து நாலுவரை வேலை முறை.

"சயோ, நேர்காணல்ல எத்தனை பேர் உக்காருவாங்க?"

"மூணு பேர்னு சார் சொன்னார். ஏன்?"

"எல்லாரும் அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சருங்களேவா?"

"நான் என்ன போயா பாத்தேன்? ஏம்மா இதெல்லாம் கேக்கற?"

"பெத்தவ கேக்கக் கூடாதா?"

"போகாதேன்னு சொல்றவளுக்கு யார் உக்காந்தா என்ன, யார் நின்னா என்ன?"

தொகிகோ மேஜையைத் துடைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பத்து மணிக்குத் தெருமுனையில் மண்ணெண்ணெய் வண்டியின் பாட்டு கேட்டது. ஷிகேரு மாமா. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் இவர் ஒருவர்தான். குளிர்காலம் முழுக்க வீடு வீடாக மண்ணெண்ணெய் ஊற்றுவார். கோடையில் தூண்டிலோடு கடற்கரையில் உட்கார்ந்துவிடுவார். சயோரி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சாரலும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது.

"என்ன நர்ஸம்மா! நாளைக்கு இந்த மாமாவுக்கு ஊசி போடறப்போ வலிக்காம போடணும், ஆமா."

"மாமாவுக்குன்னே முனை மழுங்கின ஊசியாப் பாத்து எடுத்து வைக்கறேன்."

"வைப்ப, வைப்ப. உங்க அம்மா பொண்ணுதானே நீ." அவர் குழாயை டப்பாவுக்குள் விட்டார். "ஆமா, அக்காவுக்கு என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா? செவ்வாய்க்கிழமை மேட்டுத்தெரு பஸ்ல பாத்தேன். நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு, லிப்ஸ்டிக்கெல்லாம்... நான் ஹாரன் அடிக்கிறேன், திரும்பிக்கூடப் பாக்கல."

சயோரி டப்பாவின் பிடியைப் பிடித்தபடியே நின்றாள்.

"செவ்வாய்க்கிழமையா? நல்லாத் தெரியுமா மாமா? அன்னிக்கு ஓவர்டைம்னு சொன்னாளே."

மாமாவின் முகம் சட்டென்று மாறியது. "அப்போ வேற யாராவதா இருக்கும். என் கண்ணும் இப்போ முன்ன மாதிரி இல்ல." அவசரமாக மூடியைத் திருகினார். போகிற போக்கில் மண்ணெண்ணெய்க்கு ரசீது எழுதக்கூட மறந்துவிட்டார்.

மேட்டுத்தெருவில் என்ன இருக்கிறது? ஒரு கோயில், ஒரு டயர் கடை. அவற்றைத் தாண்டினால் நர்ஸிங் பள்ளி.

திங்கட்கிழமை சீட்டு வந்திருக்கிறது. மகள் தனக்குத் தெரியாமல் விண்ணப்பித்துவிட்டாள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கே போயிருக்கிறாள். எதற்காக? முத்திரை நான் குத்தினதில்லை, விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவா?

 சயோரி தொலைபேசி எண் பார்க்கலாம் என்று விளக்கப் புத்தகத்தை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் கை தானாகப் பக்கங்களைத் தள்ளியது. பாடத்திட்டம், விடுதி, சீருடை, பதினாறாம் பக்கம்... அடுத்தது பத்தொன்பது.

மறுபடியும் புரட்டினாள். நடுவில் ஒரு தாள் இல்லை. கிழிக்கவில்லை. பிளேடு வைத்து, தையலை ஒட்டி, அளந்து வெட்டியிருந்தது. மீன் வயிற்றைக் கீறுகிற கையால் மட்டுமே அத்தனை நேராக வெட்ட முடியும்.

சயோரி கோட்டை மாட்டிக்கொண்டு தன் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

தேர்வுக் காலம் என்பதால் அங்கே ஆலோசனை அறை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. வகுப்பாசிரியர் நிஷிவாகி சளிப் பிடித்து, முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"விண்ணப்பம் ரத்தாகியிருந்தா எனக்குத் தகவல் வந்திருக்கும். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. சீட்டு உன் கையில இருக்கா? அது போதும். வந்தது வந்துட்ட, ஒரு தடவை நேர்காணல் பழகிட்டுப் போ. வெளிய போய்க் கதவைத் தட்டு."

மறுக்க முடியவில்லை. வெளியே போய் இரண்டு முறை தட்டினாள்.

"மூணு தட்டணும்! ரெண்டு தட்டினா அது கக்கூஸ் கதவு. எத்தனை தடவை சொல்றது?"

மூன்று முறை தட்டி, உள்ளே வந்து, குனிந்து வணங்கி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சார் குரலைக் கனமாக்கிக்கொண்டார். "நர்ஸ் ஆக வேண்டும் என்று உங்களுக்கு எப்போது தோன்றியது?"

இந்தப் பதில் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையில் எழுதியதும் இதுதான்.

"எனக்கு ஐந்து வயதில் என் அப்பா துறைமுக ஆஸ்பத்திரியில் காலமானார். அம்மா வேலையிலிருந்து வரும்வரை நான் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பேன். ஒரு நர்ஸ் தினமும் என் பக்கத்தில் வந்து உட்காருவார். பால் மிட்டாய் தருவார். சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைக் கழற்றி என் காதில் வைத்து, இது நூறு தடவை டிக் டிக்னு சொல்றதுக்குள்ள அம்மா வந்துடுவாங்க என்பார். எனக்கு நூறுவரை எண்ணத் தெரியாது. அவர் கூடவே எண்ணுவார். அவரைப் போல ஆக வேண்டும் என்று..."

"நல்லா இருக்கு. நல்லா இருக்கு." சார் தும்மினார். "ஆனா இதைக் கேட்டுட்டு சும்மா விடமாட்டாங்க. அப்பாவுக்கு என்ன நோய்?"

"தெரியாது சார்."

"தெரியாதா? எந்த வார்டு? உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

"கால்ல பெரிய மாவுக்கட்டு. துறைமுகத்துல லோடு வண்டி கால்ல ஏறிடுச்சுன்னு சொல்வாங்க. கட்டு மேல நான் கிரேயான்ல நண்டு வரைஞ்சிருக்கேன்."

"கால் ஒடைஞ்சு..." என்று ஆரம்பித்த சார் நிறுத்திக்கொண்டார். "சில சமயம் உள்ள ரத்தம் கட்டி, அப்படி ஆகறதுண்டுதான். அம்மாகிட்ட விவரமாக் கேட்டுக்கோ."

அவர் ஏன் நிறுத்தினார் என்று சயோரிக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. வீட்டில் அப்பாவுக்கென்று ஒரு மாடம் கிடையாது. படம் கிடையாது, ஊதுவத்தி கிடையாது. ஆகஸ்ட் மாதம் முன்னோரைக் கும்பிட ஊரே கல்லறைக்குப் போகும்போது அவர்கள் இருவரும் வீட்டில் தர்பூசணி வெட்டிச் சாப்பிடுவார்கள். அப்பா வீட்டார் பகையாகிவிட்டார்கள், கல்லறையெல்லாம் அவர்கள் ஊரில்தான் என்று அம்மா சொன்னதை அவள் இதுவரை ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை.

எழுந்து போய் அலமாரியிலிருந்து அதே விளக்கப் புத்தகத்தை உருவினாள். பதினேழாம் பக்கம். "எங்கள் ஆசிரியர்கள்" என்ற தலைப்பில் எட்டு முகங்கள். கடைசி வரிசையில் இரண்டாவது, ஐம்பதை நெருங்கும் ஒரு பெண். குட்டை முடி, லேசான சிரிப்பு. கீழே எழுதியிருந்தது: ஹினோகுமா யசுயோ. துறைமுக ஆஸ்பத்திரி எலும்பு முறிவுப் பிரிவில் பதினாறு ஆண்டு. இந்த ஆண்டுமுதல் எங்கள் பள்ளியில்.

"சார், இது... இது என் பழைய குடும்பப் பேரு."

"என்ன?"

"நான் மழலையர் பள்ளியில ஹினோகுமா சயோரி. அப்பா போன பிறகுதான் அம்மா தன் பிறந்த வீட்டுப் பேருக்கு மாத்தினா. இந்த ஊர்ல வேற ஹினோகுமாவே கிடையாதுன்னு சொல்வா."

"அபூர்வமான பேருதான்." சார் எட்டிப் பார்த்தார். "சொந்தமா இருக்குமோ?"

சயோரி அந்த வரியை மறுபடியும் படித்தாள். துறைமுக ஆஸ்பத்திரி. எலும்பு முறிவுப் பிரிவு. அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். நினைவில் இருப்பது குரலும் மிட்டாயும்தான், முகம் இல்லை. ஆனால் இவள் அப்பாவின் தங்கையாக இருந்தால்? தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது அதனால்தானா? பகை என்று சொல்லிச் சொந்த அத்தையை அம்மா இத்தனை வருடம் மறைத்துவிட்டாளா? பக்கத்தை பிளேடால் வெட்டுகிற அளவுக்கா பகை?

ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் அம்மா மேல் எரிச்சல். எது அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வண்டியின் பாட்டு எங்கே கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டே துறைமுகத் தெருவுக்கு இறங்கினாள். மாமா ஓர் ஐஸ் கிடங்கின் முன்னால் வண்டியை நிறுத்திச் சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார். சயோரி கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். புத்தகத்தை விரித்து அவர் மடியில் போட்டாள்.

"இந்த அம்மா யாரு மாமா?"

மாமா பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார். கையை நீட்டிப் பாட்டை அணைத்தார்.

"எங்கேருந்து எடுத்த இதை?"

"நம்ம வீட்டுப் புத்தகத்துல இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்திருக்கு. இது அப்பாவோட தங்கச்சிதானே?"

"தங்கச்சி!" மாமாவின் வாயிலிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, ஆனால் அது சிரிப்பு இல்லை. "நல்லா இருக்கு போ. தங்கச்சியாம். இவளுக்கு எங்கேருந்து வந்தது ஹினோகுமான்னு பேரு? ஆஸ்பத்திரியில இருந்தவரைக்கும் நோட்சு யசுயோ. நோட்சு யசுயோன்னா துறைமுகத்துல எல்லாருக்கும்..."

நிறுத்திக்கொண்டார். பாதிச் சோற்றுருண்டையைத் தாளில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றியதையே மறுபடியும் சுற்றினார்.

வண்டியின் கண்ணாடியில் பனி விழுந்து கரைந்து வழிந்தது.

"அப்போ கல்யாணம் ஆகித்தான் இந்தப் பேரு" என்றாள் சயோரி.

"அம்மாகிட்ட கேளு குட்டி. என்னைக் கேக்காதே."

"அப்பாவுக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது."

"சயோரி..."

"எப்போ கல்யாணம் ஆச்சு?"

"இறங்கு. நான் இன்னும் பதினஞ்சு வீட்டுக்கு ஊத்தணும்."

"எப்போன்னு மட்டும் சொல்லுங்க மாமா. வேற எதுவும் கேக்கல."

மாமா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ ரெண்டாங் கிளாஸ் படிக்கறப்போ."

கணக்கில் அவள் மோசம்தான். ஆனால் இது உப்புக் கரைசல் அல்ல. அவளுக்கு ஐந்து வயதில் செத்துப்போன மனிதன், அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது கல்யாணம் செய்துகொள்ள முடியாது.

மாமா ஏதோ சொன்னார். வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது. அவள் காதில் விழவில்லை.

நாலு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. காரமீன் வடை பொரிக்கிற எண்ணெய் வாசனை தெருவரை வந்தது. பெண்கள் கும்பலாக, பேசிக்கொண்டும் தோளை உதறிக்கொண்டும் வெளியே வந்தார்கள். கடைசியில் தொகிகோ. மகளைப் பார்த்ததும் அவள் முகத்தில் முதலில் வந்தது பயம், பிறகுதான் கேள்வி.

"என்னடி, குடை கூட இல்லாம? பரீட்சையை வச்சுக்கிட்டு நனையறியே!"

சயோரி புத்தகத்தை விரித்துக் காட்டினாள்.

தொகிகோ அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். தன் கையுறையைக் கழற்றினாள். மிளகாய்த் தூளில் ஊறிச் சிவந்த விரல்களால் புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"ஷிகேரு சொன்னானா?"

"மாமா ஒண்ணும் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே இரண்டு நாற்காலி. ஒன்றுக்கு ஒரு கால் இல்லை. தொகிகோ நின்றுகொண்டாள்.

"உயிரோட இருக்காரா?" என்றாள் சயோரி.

"இருக்கார்."

"எங்கே?"

"மாசுதாவுல. ரயில்ல முக்கால் மணி நேரம்."

முக்கால் மணி நேரம். போன கோடையில் சிநேகிதிகளோடு மாசுதாவுக்கு ஐஸ் சாப்பிடப் போயிருக்கிறாள். தெருவில் எத்தனை பேர் அவளைத் தாண்டிப் போனார்கள்!

"செத்துட்டார்னு சொன்னியேம்மா."

"நான் சொல்லல." தொகிகோவின் குரல் உயர்ந்தது. அக்கம்பக்கம் பார்த்துத் தணித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியிலேருந்து போயிட்டார், இனிமே வரமாட்டார்னுதான் சொன்னேன். நீயா பக்கத்து வீட்டுல போய், எங்கப்பா செத்துட்டார்னு சொன்ன. அந்தம்மா அழுதுக்கிட்டே வந்து என் கையைப் பிடிச்சா. நான் இல்லேன்னு சொல்லல. அவ்வளவுதான் நான் பண்ணினது."

"கல்லறை அவங்க ஊர்லன்னு சொன்னதும் நானா?"

தொகிகோ கழற்றிய கையுறையை மடித்தாள்.

"அது நான். உனக்கு ஒன்பது வயசு. நீ கேட்ட. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். ஒரு தடவை சொன்ன பிறகு, அது பாட்டுக்கு நின்னுபோச்சு. எடுக்க வரல."

எதிரே பனியில் ஒரு லாரி போனது. சேறு தெறித்தது. இருவரும் நகரவில்லை.

"ஏன்? ஓடிட்டார்னு சொல்லியிருக்கலாமே. நான் என்ன, ஒடைஞ்சா போயிருப்பேன்?"

"யாரோட ஓடினார்னு சொல்லணுமே! அதைச் சொல்லவா?" தொகிகோ இப்போதுதான் மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். "நர்ஸ் அத்தை, நர்ஸ் அத்தைன்னு ஒவ்வொரு நாளும் சோறு திங்கறப்போ பேசின. பொம்மைக்கெல்லாம் கடிகாரம் கட்டி நூறு எண்ணின. ஆறாங் கிளாஸ்ல, பெருசானா அவங்களை மாதிரி ஆவேன்னு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிட்டு வந்த. பதிமூணு வருஷமா என் வீட்டுல, என் சோத்தைத் தின்னுக்கிட்டு, என் பொண்ணு அவ புகழைப் பாடறா. நான் கேட்டுக்கிட்டு நின்னேன். எப்படிடி சொல்வேன்?"

 அழக் கூடாது என்று சயோரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அப்போ அந்த மிட்டாய்... அதெல்லாம் அப்பாவைப் பிடிக்கறதுக்காகத்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தையில் எத்தனை வருட பாரம் இறங்கியிருக்கும் என்று சயோரிக்கே தெரிந்தது. தொகிகோ யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியாது. அவர் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்த அன்னிக்கு எனக்கு இங்க மெஷின் நின்னுபோச்சு, வர ஏழு மணி ஆச்சு. அவளுக்கு நாலு மணிக்கே முறை முடிஞ்சிருக்கு. உடை மாத்திக்கிட்டு, நான் வரவரைக்கும் உன்னை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்போ அவங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல. அது எனக்குத் தெரியும். அதனாலதான் அவளை முழுசா திட்டக்கூட முடியாம போச்சு."

பஸ் வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் இருவரையும் பார்த்தார். தொகிகோ கையை ஆட்டிப் போகச் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை அங்கதான் போனியா?"

"அதையும் சொல்லிட்டானா? ஆமா. நேர்காணல்ல அவ உக்காரக் கூடாதுன்னு சொல்லப் போனேன். சண்டை போடணும்னுதான் நல்ல கோட்டா எடுத்துப் போட்டுக்கிட்டேன்." அவள் உதட்டைச் சுழித்தாள். "நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, அதைத் தலைமையாசிரியர்கிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன்னுட்டா. உன் விண்ணப்பத்தைப் பாத்த அன்னிக்கே சொல்லிட்டாளாம். பேர் பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டாளாம். மீதியைக் கட்டுரையில படிச்சிருக்கா."

கட்டுரை!

சயோரி கையிலிருந்த புத்தகத்தை இறுகப் பற்றினாள். என் அப்பா காலமானார். அழகான கையெழுத்தில், சார் மூன்று முறை திருத்திக் கொடுத்து, கறுப்பு மையில் எழுதிய முதல் வரி.

"அப்பா... அதைப் படிச்சாரா?"

"காகிதம் பள்ளிக்கூடத்தை விட்டு வெளிய போகலையாம். ஆனா மனசுல வச்சுக்க முடியாம சொல்லிட்டாளாம். அது தப்புதான்னு என்கிட்ட அவளே சொன்னா."

"கேட்டுட்டு என்ன சொன்னாராம்?"

"அப்படியே இருக்கட்டும், செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்னு சொன்னாராம். ரெண்டு நாள் கழிச்சு..." தொகிகோ கையுறையை மறுபடியும் மாட்டினாள். ஒரு விரல் தப்பான இடத்தில் போயிற்று. கழற்றி மாட்டினாள். "ரெண்டு நாள் கழிச்சு, உன்னைப் பாக்கணும்னு சொன்னாராம். ஒரே ஒரு தடவை. பரீட்சைக்கு முன்னாடி."

"நீ என்ன சொன்ன?"

"கேட்டுச் சொல்றேன்னேன். செவ்வாய்க்கிழமையிலேருந்து கேக்கணும் கேக்கணும்னுதான் இருக்கேன். காலையிலகூட வாசல்ல நின்னேன். வாய் வரல."

சயோரி தலையைக் குனிந்துகொண்டாள். பூட்ஸ் நுனியில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அம்மாவைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தாள்! அத்தனையும் தப்பு என்று சொல்ல முடியாது. அத்தனையும் சரி என்றும் சொல்ல முடியாது. அம்மாவின் முத்திரையைத் திருடிக் குத்தியவள்தானே அவளும்.

"சனிக்கிழமை என்னைக் கேப்பாங்கம்மா. ஏன் நர்ஸ் ஆகணும்னு."

"என்ன சொல்லப்போற?"

"வராந்தாவுல ஒருத்தங்க என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. அது நடந்ததுதானே? அதைச் சொல்வேன்." மூக்கைக் கையால் துடைத்துக்கொண்டாள். "முதல் வரி தப்பு, மன்னிச்சுக்குங்கன்னு சொல்வேன். ஏன்னு கேட்டா, எனக்கே போன ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சதுன்னு சொல்வேன். அதுக்காக ஃபெயில் போட்டா போடட்டும்."

 தொகிகோ மகளின் கழுத்தில் அவிழ்ந்து தொங்கிய மஃப்ளரைப் பிடித்து இழுத்துச் சுற்றிவிட்டாள், வேண்டியதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக.

"அவருக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

"பரீட்சை முடியட்டும். பதிமூணு வருஷம் இருந்தவரால ஆறு நாள் இருக்க முடியாதா?"

தொகிகோ சிரித்துவிட்டாள். நவம்பருக்குப் பிறகு அம்மா இப்படிச் சிரித்துச் சயோரி பார்க்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது; கண்ணில் நீரும் வந்தது.

ஆனால் அம்மாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மகளை விட்டுவிட்டு, அடுத்த பஸ் வரும் திசையில், இருட்டத் தொடங்கிய சாலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"ஆறு நாளா? அதுவரைக்கும் அவரால..." என்றாள் மெதுவாக.

"ஏம்மா?"

"ஒண்ணும் இல்ல. பஸ் வருது பாரு."

சாலையில் பஸ் எதுவும் வரவில்லை.